ரவிக்கை கையடக்கமாக இருத்தல் வேண்டும்

எங்கள் துறையில் தப்பு நடப்பதில்லை. நடந்தால் அதற்கு வேறு பெயர் வைத்துவிடுவார்கள்.

எனக்கும் வேறு பெயர்தான் வைத்திருந்தார்கள். தட்டச்சராகச் சேர்ந்த அன்று வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே ‘தற்காலிகம்’ என்று எழுதினார்கள். பெயர் வாயில் நுழையவில்லையோ என்னவோ, நேரே இருந்ததையே எல்லோரும் கூப்பிட ஆரம்பித்தார்கள். “தற்காலிகம், இதை மூணு பிரதி எடு.” “தற்காலிகம், ஃபேன் போடு.” தண்ணீர் கேன் கொண்டுவருகிற அண்ணன் ஒருநாள், “தற்காலிகம்கிறது நல்ல பேரும்மா, யாரு வெச்சது?” என்று கேட்டார். அரசாங்கம் என்றேன்.

அது அளவைத் துறையின் தலைமையகம். கடைத் தராசு, படிக்கல், துணிக்கடைக் கோல், பால்காரரின் குவளை எல்லாவற்றுக்கும் இங்கேதான் முத்திரை. முகப்புக் கூடத்தில் வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள். ஒன்றில் மூல எடைக்கல், ஒன்றில் மூலக் கோல், ஒன்றில் மூலக் குவளை. ஊரிலுள்ள எடைக்கல் எல்லாம் இந்தக் கல்லைப் பார்த்துத்தான் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும். இந்தக் கல் யாரைப் பார்த்தும் திருத்திக்கொள்ள வேண்டியதில்லை. அதிகாரிகளும் அப்படியே.

நான் அண்ணன் வீட்டுக் கூடத்தில் படுக்கிறவள். டிவிக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவில் ஒரு பாய் அகலம் எனக்கு. தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள் என்னைத் தாண்டிப் போவார்கள். குடித்துவிட்டு வருகிறவர்கள் என்னைத் தாண்டி வருவார்கள். வேலை நிரந்தரமானால் துறைக் குடியிருப்பில் ஓர் அறை தருவார்கள். போய்ப் பார்த்தேன். ஒரு ஜன்னல், ஒரு குழாய், சுவரில் யாரோ விட்டுப்போன ஆணி. அந்த ஆணியில் என்ன மாட்டுவது என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன்.

நிரந்தர ஆணையைத் துறையின் பொன்விழா மேடையில்தான் கொடுப்பார்கள் என்று முடிவானது. மேடை ஏறுகிற பெண்கள் விழா உடையில் வர வேண்டும். விழா உடை என்றால் துறை தருகிற சேலை, அதற்கேற்ற ரவிக்கை. சேலை வந்தது. ஈரச் சிமெண்டு நிறம். கரையில் வரிசையாகத் தராசு நெய்திருந்தார்கள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் நண்டு.

அண்ணி அதை விரித்து, கரையை விரலால் தடவிப் பார்த்தார். அண்ணி வீட்டிலேயே மெஷின் வைத்துத் தெருவுக்கே தைக்கிறவர்.

“யாருடி செத்தது?” என்றார்.

“பொன்விழா அண்ணி.”

“சரி விடு. சேலை இப்படி மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தா, பிளவுஸ்தான் பேசணும். பிளவுஸ்ல எது பேசும்? கைதான் பேசும். இங்க வா.”

கைப்பேசியில் கைகள் ஓட ஆரம்பித்தன. மணிபோல விரிகிற கை. “வேணாம், சாப்பிட உக்காந்தா உனக்கு முன்னாடி இது சாப்பிடும்.” இதழ்மேல் இதழ் படிந்த கை. “நல்லாத்தான் இருக்கு. பஸ்ல கம்பியைப் பிடிச்சா பூ மலர்ந்துடும். அப்புறம் கண்டக்டர் டிக்கெட் குடுக்க மறந்துடுவான்.” முக்கால் கை. “இது முடிவெடுக்கத் தெரியாதவங்களுக்கு.” தோளில் ஓட்டை விட்ட கை. “இதுக்குத் துணியும் கம்மி, தைரியமும் வேணும், உங்கண்ணன் மயங்கி விழுவான்.” கடைசியில் பஃப் கை வந்தது. உள்ளே விறைப்பான நெட் வைத்து, தோளிலிருந்து எழும்பி, முழங்கைக்கு மேலே இறுகி நிற்கிற கை.

“இதான்” என்றார் அண்ணி. “உன் தோளு துணி மாட்டுற ஹேங்கர் மாதிரி இருக்கு. இதைப் போட்டா உள்ள ஆள் இருக்குன்னு நம்புவாங்க.”

“ஓவரா இல்லையா அண்ணி?”

“மேடை ஏறப்போறவ நீ. ஓவரா இல்லாம எப்படி ஏறுவ?”

எனக்கும் ஆசைதான். இதுவரை நான் போட்ட பிளவுஸ் எல்லாம் யாரோ ஒருவருக்குத் தைத்து, அவருக்குச் சரிவராமல் என்னிடம் வந்தவை. முதல்முறையாக என் தோளை நினைத்து ஒரு கை பிறக்கப் போகிறது. அன்று சாயங்காலமே அண்ணி வெட்டிவிட்டார்.

அலுவலகத்தில் அதற்குள் குழு அமைத்துவிட்டார்கள். ரவிக்கைக் கை ஒழுங்காற்றுக் குழு. இயக்குநர் தலைவர். கண்காணிப்பாளரும் கிடங்கு அலுவலரும் உறுப்பினர்கள்.

கணக்குப் பிரிவு அக்கா கூட்டத்தில் எழுந்து, “பொம்பளைங்க யாரும் வேணாமா சார்?” என்று கேட்டார். ஓய்வுபெற இன்னும் கொஞ்ச நாளே இருந்ததால் அக்காவுக்கு வாய் திறந்துகொண்டிருந்த காலம் அது.

இயக்குநர் புன்னகைத்தார். “நல்ல கேள்வி. பெண்களைப் போட்டால் அனுபவம் வந்து குறுக்கே நிற்கும். அனுபவம் இருக்கிற இடத்தில் நடுநிலை இருக்காது. என்னை எடுத்துக்கொள்ளுங்கள். என் வாழ்நாளில் எந்தப் பெண்ணின் கையையும் நான் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. என் மனைவியிடம் கேளுங்கள், போன மாதம் அவர் கையில் கட்டுப் போட்டிருந்ததே எனக்குத் தெரியாது. இந்தக் குழுவுக்கு என்னைவிடத் தகுதியானவர் யார்?”

நடுநிலையோடு அவர்கள் கூட்ட அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ரவிக்கைக் கை வடிவங்களைத் திரையில் போட்டுப் பார்த்தார்கள். காலையில் ஆரம்பித்து மதியம்வரை பார்த்தார்கள். சாப்பிட்டுவிட்டு வந்து, சந்தேகம் வந்ததால் முதலிலிருந்து பார்த்தார்கள். நடுவில் கிடங்கு அலுவலர் வெளியே வந்து குளிர்ந்த தண்ணீர் கேட்டார். “கடுமையான வேலைம்மா” என்றார் என்னிடம்.

சாயங்காலம் முடிவு பிறந்தது. ஒரே வரி. இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல, நான் அடித்தேன்: ‘விழா ரவிக்கை கை அடக்கமாக இருத்தல் வேண்டும்.’

அதை எடுத்துக்கொண்டு கண்காணிப்பாளரிடம் போனேன். அவர் கையைத் தாண்டாமல் எந்தத் தாளும் இயக்குநரிடம் போகாது. ஒற்று, உடம்படுமெய், வல்லினம் இவற்றைத் தவிர வேறு எதையும் அவர் ஒரு தாளில் பார்த்ததில்லை. ஒருமுறை மூல எடைக்கல் திருட்டுப் போனதாக வந்த அறிக்கையை, ‘திருட்டுப் போனது’ என்பதில் ப் சரியாக இருக்கிறதென்று பாராட்டிக் கோப்பில் போட்டவர். முதுகுக்குப் பின்னால் அவருக்குச் சந்தி சார் என்று பெயர்.

சிவப்புப் பேனா வந்து நின்றது.

“என்னம்மா இது? உயிரும் உயிரும் இப்படி முட்டிக்கிட்டு நிக்குது. பாத்துக்கிட்டு எப்படிச் சும்மா இருந்த?”

“எங்க சார்?”

“‘கை’ முடியுறது ஐ-ல. ‘அடக்கம்’ ஆரம்பிக்கிறது அ-ல. நடுவுல ஒரு யகரம் வேணாமா? ரெண்டு பேரை வண்டியில ஏத்துனா நடுவுல ஒரு கம்பி வெக்கிறதில்ல?”

அவர் இரண்டையும் சேர்த்தார். ‘விழா ரவிக்கை கையடக்கமாக இருத்தல் வேண்டும்.’

“சார், சேர்த்தா வேற அர்த்தம் வருது சார். கையடக்கம்னா கைக்குள்ள அடங்குற மாதிரி சின்னதுன்னு ஆயிடும்.”

“அர்த்தத்தை இயக்குநர் பாத்துக்குவார். உன் வேலை அடிக்கிறது. என் வேலை சேக்குறது. போ.”

இயக்குநர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். படித்துவிட்டுப் போட்டால் சந்தேகப்படுகிறார் என்று ஆகிவிடும்.

மறுநாள் காலை கணக்கு அக்கா தாளைக் கையில் பிடித்தபடி என் மேஜைக்கு வந்தார். கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார்.

“ஏண்டி தற்காலிகம், இது ஜாக்கெட்டைப் பத்தின ஆணையா, டார்ச் லைட்டைப் பத்தினதா?”

நடந்ததைச் சொன்னேன். அக்கா சிரித்துச் சிரித்து என் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனார்.

இயக்குநர் ஆணையைப் படித்தார். முதல்முறையாகப் படிக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. அந்த நேரத்தில் ‘இடைவெளி விட்டுப்போச்சு, மாத்திடுங்க’ என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதை இல்லை. ஆனால் தாளின் அடியில் அவருடைய கையெழுத்து இருந்தது. கையெழுத்துக்குப் பிறகு ஆணை தப்பாக இருக்க முடியாது. ரவிக்கைதான் தப்பாக இருக்க முடியும்.

“சரியாகத்தானே இருக்கிறது” என்றார் நிதானமாக. “கையடக்கம். அடக்கம் என்றால் என்ன? அடங்குதல். எங்கே அடங்குவது? கையில். மடித்தால் ஒரு கைக்குள் அடங்குகிற ரவிக்கைதான் அடக்கமான ரவிக்கை. இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது.”

“யார் கையில சார்?” என்றார் அக்கா.

அக்கா அதைக் கிண்டலாகத்தான் கேட்டார். ஆனால் அளவைத் துறையில் கேட்கக் கூடாத கேள்வி அது. இயக்குநர் நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்தார். கண்ணில் நீர் தளும்பியது.

“யார் கை” என்றார். “யார் கை. இத்தனை வருஷமாகக் கையளவு, கைப்பிடி, ஒரு கை அரிசி என்று நாடே பேசுகிறது. எந்தக் கை என்று ஒருவர் கேட்டதுண்டா? கல்லுக்கு மூலம் இருக்கிறது, கோலுக்கு மூலம் இருக்கிறது. கைக்கு மூலம் எங்கே?”

கைக்கு மூலம் அவரிடமே இருந்தது. மணிக்கட்டின் முனையில்.

எலும்பு முறிவுக்கு மாவுக்கட்டுப் போடுகிற ஒருவரை வரவழைத்தார்கள். இயக்குநரின் வலது கை வெள்ளைக் கட்டுக்குள் போனது. காயும்வரை அவர் அப்படியே நாற்காலியில் இருந்தார். சேதி பரவி, கிளை அலுவலகங்களிலிருந்தெல்லாம் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வந்தன. எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டவர்களிடம், “விழவில்லை, உயர்ந்தேன்” என்றார். அன்று முழுக்கக் கோப்புகளில் இடது கையால் கையெழுத்துப் போட்டார். கருவூலம் அவற்றைப் போலிக் கையெழுத்து என்று திருப்பி அனுப்பியது. போலி இல்லை என்று அவர் எழுதிய விளக்கமும் இடது கையால் எழுதப்பட்டிருந்ததால் அதுவும் திரும்பி வந்தது.

கட்டைக் கழற்றி, அதையே அச்சாக வைத்து ஒரு கையை வார்த்தெடுத்தார்கள். நல்ல கைதான். ஒரே ஒரு சங்கடம், அச்சு காய்கிற நேரத்தில் களைத்துப்போய் அவர் கையை மேஜைமேல் மல்லாத்தி வைத்துவிட்டார். அதனால் துறையின் மூலக் கை, உள்ளங்கையை மேலே காட்டி, விரல்களைக் கொஞ்சம் மடக்கி, எதையோ எதிர்பார்த்து நீட்டிய கையாக அமைந்துவிட்டது. அதை முகப்புக் கூடத்தில் வைத்து, அடியில் ‘துறையின் கை’ என்று பித்தளையில் பொறித்தார்கள். கண்ணாடி மூடி வந்துசேர்வதற்கு முன்னால், தராசுக்கு முத்திரை வாங்க வந்த ஒரு மளிகைக் கடைக்காரர், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அதில் ஒரு நோட்டை வைத்துவிட்டுப் போனார். யாரும் அவரைக் கேட்கவில்லை. பழக்கம்.

பிறகு சோதனை. பெண்கள் எல்லோரும் ரவிக்கையைக் கொண்டுவந்து வரிசையில் நின்றோம். பெண்களின் உடையை ஆண் அதிகாரி தொடுவது முறையில்லை என்பதால், மூல எடைக்கல்லைத் தூக்குகிற பித்தளை இடுக்கியால் கிடங்கு அலுவலர் ஒவ்வொரு ரவிக்கையாகத் தூக்கினார். இடுக்கியாலேயே மடித்தார். மடித்ததை மூலக் கையில் வைத்தார். விரல் நுனிக்கு வெளியே ஒரு நூல் தெரிந்தாலும் தகுதியில்லை.

கணக்கு அக்காவின் முழுக்கை ரவிக்கை சரிந்து தரையில் விழுந்தது. “என் உடம்பே அதுல அடங்க மாட்டேங்குது, அது எங்க உங்க கையில அடங்கப்போவுது” என்றார் அக்கா.

என்னுடையதைத் தூக்கினார்கள். பட்டுப்போல மடிந்தது. கையில் உட்கார்ந்தது. கிடங்கு அலுவலர் இடுக்கியை எடுத்தார். இடது பஃப் மெதுவாக எழுந்து பார்த்தது. அழுத்தினார். வலது பஃப் எழுந்தது. அதை அழுத்த, இடது எழுந்தது. துணி மூட்டைக்குள் இரண்டு பூனைக்குட்டிகளை ஒளித்துவைத்த மாதிரி இருந்தது. வரிசையில் யாரோ கொக்கரித்தார்கள். இயக்குநர் திரும்பிப் பார்க்கவும் அது இருமலானது.

“தகுதியில்லை” என்றார்.

அன்று ஒருவரும் தேறவில்லை. மறுநாள் கணக்கு அக்கா தன் பக்கத்து வீட்டுக் குழந்தையின் சட்டையைக் கொண்டுவந்தார். பஞ்சுபோல உள்ளங்கையில் அடங்கியது. தகுதி என்று முத்திரை விழுந்தது. அதைப் பார்த்து எல்லோரும் குழந்தைத் துணி கொண்டுவந்தார்கள். ஒருவர் பொம்மையின் கவுனையே கொண்டுவந்தார். எல்லோரும் தேறினார்கள். இயக்குநர் பூரித்துப்போனார். தேறிய ரவிக்கையைத்தான் மேடையில் அணிய வேண்டுமா என்று அக்கா கேட்கிறவரைக்கும் பூரிப்பு நீடித்தது. பிறகு முத்திரை எல்லாம் ரத்து. மூத்தவர்கள் ஒவ்வொருவராக, எங்களுக்கு மேடையே வேண்டாம் என்று ஒதுங்கினார்கள். அவர்களுக்கு ஏற்கெனவே வேலை நிரந்தரம், வீடும் இருந்தது. மிஞ்சியவள் நான்.

சந்தி சாரிடம் போனேன். “சார், ஒரு இடைவெளி சார். நீங்க ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுடும்.”

அவர் பேனாவை மூடினார். “சொல்றேன். தப்பு நடந்துடுச்சுன்னு சொல்றேன். யார் தப்புன்னு கேப்பாங்க. நிரந்தர ஊழியர் தப்பு பண்ண விதியில இடமில்ல. அப்ப மிச்சம் யாரு இருக்கா, நீயே எண்ணிப் பாரு.”

எண்ணிப் பார்க்க ஒரு விரலே போதுமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து பிளவுஸை அண்ணி மடியில் போட்டேன். கேட்டுவிட்டு அண்ணி கத்தரியை எடுத்தார்.

“அழாத. மூக்கை உறிஞ்சிக்கிட்டு நின்னா எனக்கு நூல் கோக்க வராது.”

“நான் அழலை. எனக்குக் கோவம்.”

“கோவம்னா அந்தப் பக்கம் திரும்பி உக்காரு. வெட்டுறதைப் பாத்தா உன் மனசு தாங்காது.”

நெட்டை உருவினார். கையில் பாதியை வெட்டினார். சுருக்கத்தை அவிழ்த்து, தோளுக்குக் கீழே நாலு விரல் அகலத்துக்கு ஏதோ தைத்துக் காட்டினார்.

“இது பஃப்பா அண்ணி?”

“இருந்துச்சு. இப்ப வெறும் பெருமூச்சு.”

மறு சோதனை. இடுக்கி தூக்கியது, மடித்தது, வைத்தது. ஒரு நூல் வெளியே இல்லை. அடக்கமாக, துறையின் கைக்குள் சுருண்டு கிடந்தது என் ரவிக்கை. நான் அந்த அறையின் ஆணியில் இரண்டு பைகளை மாட்டிவிட்டேன், மனசுக்குள்.

கிடங்கு அலுவலர் மறுபடி அதை இடுக்கியால் தூக்கி விரித்துப் பார்த்தார். “சார், இதுல கையே இல்லியே. முழங்கைக்கு ஒரு சாண் மேலயே நின்னுடுது.”

“அடக்கம் போதாது” என்றார் இயக்குநர்.

“அடங்கிடுச்சே சார். இப்பதானே பாத்தீங்க” என்றேன்.

“அது கையடக்கம். நான் இப்போது கேட்பது கை அடக்கம். ஆணையின் சொல் ஒன்று, ஆணையின் உயிர் ஒன்று. இரண்டையும் நிறைவேற்ற வேண்டும்.”

“கை நீளமா வெச்சா உள்ளங்கையில அடங்காது சார். அடங்குற மாதிரி வெச்சா கை நீளமா வராது.”

“கவனித்தேன்.”

“அப்ப எந்த மாதிரிதான் தைக்கணும்?”

இயக்குநர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். கையை அல்ல, தலைக்கு மேலே இருந்த சுவரை. “எப்படித் தைப்பது என்பது குழுவின் வரம்பில் வராதும்மா. நாங்கள் நிராகரிக்கத்தான் இருக்கிறோம். ஒரு குழு ஒரு வேலையைத்தான் செய்ய முடியும்.”

கிடங்கு அலுவலர் முடிவைக் கிறுக்கி, கையெழுத்துப் போட்டு, அடித்துக் கொண்டுவரச் சொல்லி என்னிடமே கொடுத்தார். எங்கள் துறையில் நிராகரிக்கப்படுகிறவர் தட்டச்சராக இருந்தால் இந்த வசதி உண்டு. இரண்டே சொல்தான் எழுதியிருந்தார். கை குட்டை.

மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தேன். மாற்றி அடித்தால் என்ன என்று ஒரு நிமிடம் தோன்றியது. மாட்டினால் அறை மட்டுமா போகும். எழுத்துப் பிசகாமல் அப்படியே அடித்தேன். ‘ரவிக்கை: கை குட்டை.’ அடித்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் பார்க்க இரண்டு சொல்லுக்கும் நடுவில் இருந்த வெற்றிடம் என்னைப் பார்த்துக் கண்ணடித்தது.

தாளைச் சந்தி சாரிடம் நீட்டினேன். அவர் வீட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில் இருந்தார். சிவப்புப் பேனா தாளைத் தொடாமலே மூடப்போனது.

“இப்படியே விட்டுடட்டுமா சார்?” என்றேன். “ஐ-க்குப் பக்கத்துல ககரம் தனியா நிக்குது. எனக்கு என்னமோ பாக்கவே ஒரு மாதிரி இருக்கு. சரி, எனக்கென்ன தெரியும்.”

அவர் காதுமடல் சிவந்தது.

“நீ எனக்குச் சொல்லித் தரியா?”

“இல்ல சார், கேட்டேன்.”

“‘கை’க்குப் பின்னால வல்லினம் வந்தா என்ன ஆகும்? மிகும். மிகாம எங்க போகும்? ஒரு ஒற்றுக்கு வழியில்லாமப் போச்சா இந்த ஆபீஸ்ல?” பேனாவைத் திறந்து ஒரு க்-ஐ, தேங்காய் உடைக்கிற வேகத்தில் நடுவில் போட்டார். “போ, திருத்தி அடி.”

திருத்தி அடித்தேன். வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக எதையும் அடித்ததில்லை.

‘ரவிக்கை: கைக்குட்டை.’

அப்போது இயக்குநர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேலிடத்திலிருந்து வருகிற சிறப்பு விருந்தினர், பெண் ஊழியருக்கு ஆணை கொடுக்கிற மாதிரி படம் வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார். மேடை ஏற ஒரு பெண்கூடத் தேறியிருக்கவில்லை. நான் தாளை வைத்தேன். இந்தமுறை அவர் படித்தார்.

“இதென்ன?” என்று கிடங்கு அலுவலரைப் பார்த்தார்.

கிடங்கு அலுவலர் எட்டிப் பார்த்துத் திகைத்தார். “சார், நான் எழுதுனது வந்து…”

“கையெழுத்து உங்களுடையதா?”

“ஆமா சார்.”

“கண்காணிப்பாளர் பார்த்தாரா?”

“பாத்தார் சார்” என்றேன். “திருத்தியே குடுத்தார்.”

“அப்படியானால் இதில் தப்பு இருக்க வாய்ப்பில்லை.” இயக்குநர் முகத்தில் மெல்ல வெளிச்சம் பரவியது. “கைக்குட்டை உள்ளங்கையில் அடங்குமா?”

“அடங்கும் சார்” என்றார் கிடங்கு அலுவலர், ஈனக்குரலில்.

“அடக்கமான பொருள்தானே? யார் மனசையாவது கெடுக்குமா?”

“மூக்குத்தான் சார் துடைப்பாங்க.”

“தகுதி” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு ஓடினேன். அண்ணி எல்லாவற்றையும் கேட்டார். ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு கொஞ்சநேரம் யோசித்தார்.

“அப்ப கோப்புல உன் பிளவுஸ் கைக்குட்டை.”

“ஆமா.”

“நீ எதைப் போட்டுக்கிட்டுப் போனாலும் அது கைக்குட்டைதான்.”

“ஆமா அண்ணி.”

“அந்த நெட்டை எங்கடி வெச்ச?”

வீட்டிலிருந்த நெட் போதவில்லை. யாருக்கோ தைக்க வைத்திருந்த பாவாடை நெட்டையும் எடுத்தார். சுருக்கத்துக்கு மேல் சுருக்கம் வைத்தார். தைத்து முடித்துப் போட்டுப் பார்த்தபோது என் தலை, இரண்டு மேகங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. அண்ணன் கூடத்துக்குள் வந்து, என்னைச் சுற்றி எப்படிப் போவது என்று தெரியாமல் சமையலறை வழியாகப் போனார். அந்த வீட்டில் முதல்முறையாக ஒருவர் என்னைத் தாண்டிப் போக முடியவில்லை.

விழா அன்று மேடைப் படிக்கட்டின் அடியில் கிடங்கு அலுவலர் நின்றார். என்னைப் பார்த்ததும் வாய் பிளந்தது.

“ஏம்மா, என்னம்மா இது?”

“கைக்குட்டை சார்.”

“இதுவா?”

“நீங்கதானே சார் கையெழுத்துப் போட்டீங்க.”

அவர் வழிவிட்டார். அப்படியும் போதவில்லை. பக்கவாட்டில் திரும்பித்தான் ஏற முடிந்தது. வலது கை முதலில் மேடைக்குப் போனது, பிறகு நான், பிறகு இடது கை.

இயக்குநர் பாராட்டுரையைப் படித்தார். கோப்பைப் பார்த்து அவரே எழுதியது. தலையைத் தூக்கவே இல்லை. பெண்ணின் கை இருக்கிற பக்கம் பார்க்க மாட்டார் அல்லவா.

“இத்துறையின் உடை ஒழுங்கு குறித்துச் சிலர் ஐயம் எழுப்பினார்கள். அவர்களுக்கெல்லாம் இந்த இளம்பெண்தான் பதில். அடக்கம் என்றால் என்ன என்பதை இவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். கைக்குட்டை ஒன்றை மட்டுமே ரவிக்கையாக அணிந்து, இத்தனை பேர் முன்னிலையில், துணிந்து மேடை ஏறியிருக்கும் இத்துறையின் முதல் பெண் ஊழியர் இவர். மற்ற பெண் ஊழியர்களும் இவ்வாறே வர வேண்டும் என்பது என் நெடுநாள் கனவு.”

மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்த இயக்குநரின் மனைவி கைப்பையை மூடுகிற சத்தம் மேடைவரை கேட்டது. சிறப்பு விருந்தினர் என்னைப் பார்த்தார். என் இடது தோளைப் பார்த்தார். வலது தோளைப் பார்க்க அவர் இரண்டு அடி நகர வேண்டியிருந்தது.

“எங்கய்யா கைக்குட்டை?” என்றார் இயக்குநரின் காதில். ஒலிவாங்கி அதை எல்லோருக்கும் சொன்னது.

“ஆவணப்படி, ஐயா” என்றார் இயக்குநர்.

முதல் கைதட்டல் கணக்கு அக்காவிடமிருந்து வந்தது. அதன்பிறகு நிறுத்த முடியவில்லை. சந்தி சார்கூடத் தட்டினார். எதற்கு என்று அவருக்கும் தெரியாது. நான் இரண்டு மேகங்களையும் ஒதுக்கிவிட்டு ஆணையை வாங்கினேன். அதில் என் பெயர் இருந்தது. என் சொந்தப் பெயர், எழுத்துப் பிழை இல்லாமல்.

அன்று சாயங்காலமே அண்ணி பாய், பக்கெட், இரண்டு பைகள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு என்னோடு குடியிருப்புக்கு வந்தார். வழியெல்லாம் ஒரே கேள்வி.

“அந்தாளு மைக்ல உன்னைப் பத்தி என்னமோ சொன்னாரே, கடைசி வரிசையில இருந்த எனக்குச் சரியாக் கேக்கலை.”

“வேலை நிரந்தரம்னு சொன்னார் அண்ணி.”

“அதுக்கு முன்னாடி.”

“நல்ல பொண்ணுன்னு சொன்னார்.”

அறையைத் திறந்தேன். பஃப் இரண்டும் நிலைக்கதவில் இடித்தன. திரும்பி, சரிந்து, ஒருவழியாக உள்ளே போனேன். அண்ணி சாமான்களோடு வாசலில் நின்றபோது கதவை மெதுவாகச் சாத்தினேன்.

“ஏய், நான் இங்க நிக்கிறேன்டி. உள்ள என்ன பண்ற?”

“ஒண்ணும் பண்ணலை அண்ணி” என்றேன். “அதுக்குத்தான் உள்ள வந்தேன்.”